மாஸ்ட் சாய்ந்தே இருக்கட்டும்

ராய்ப்பூர் பக்கம், சத்தீஸ்கர்
16.2.2025

என் தேவுக் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் இல்லாதவர்கள் கடிதம் எழுதியது அந்தக் காலம். போன் இருந்தும் மகள் பேசக் கிடைக்காதவன் எழுதுவது இந்தக் காலம். மூன்று வாரமாக நான் கூப்பிடும்போதெல்லாம் உன் அம்மா, "அவ குளிச்சுட்டிருக்கறாளுங்க" என்கிறாள். ஒரு பிள்ளை மூன்று வாரமாகக் குளித்துக்கொண்டே இருக்குமா சாமி? நான் இங்கே தண்ணீருக்காக அறுநூறு அடி துளை போடுகிறேன். நீ அங்கே ஒருத்தியாகவே எல்லாவற்றையும் ஊற்றித் தீர்த்துவிடுவாய் போலிருக்கிறது.

பள்ளி ஆண்டு விழாவில் உன் படத்துக்கு முதல் பரிசு என்று அம்மா சொன்னாள். திருச்செங்கோட்டு மலையும் அதன் கீழே போர் போடும் நம் ரிக் லாரியும் இருக்கும் படம்தானே? கேட்டதும் துள்ளிக் குதித்தேன். ஆனால் பெயரைக் கூப்பிட்டும் நீ மேடைக்குப் போகவில்லையாமே. உடம்பு சரியில்லையா? கூச்சமா? மைக் பிடித்துப் பாடி, நடனமெல்லாம் ஆடியவளுக்கு என்ன கூச்சம்?

நீ நாலாம் வகுப்பு படித்தபோது, துளையிலிருந்து பறந்த சிவப்புப் பொடியை வேட்டித் துணியில் சலித்து ஒரு ஷாம்பு பாட்டிலில் போட்டு அனுப்பினேன். நீ அதை வேலம்பிசினில் குழைத்து ஒரு கோழி வரைந்தாய். அன்றிலிருந்து சாமான் லாரி ஊருக்குத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு நிறம் உனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்கும் உன் வயதில் படம் என்றால் உயிர். பத்தாம் வகுப்போடு ரிக்கில் ஏறினேன், பென்சில் பிடித்த கையில் லீவர் வந்துவிட்டது. விட்டுப்போன அந்த ஆசையைத்தான் பொட்டலம் கட்டி உனக்கு அனுப்புகிறேன் என்று வைத்துக்கொள்.

இந்தத் தடவை ஊதா. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை. வழக்கம்போல பொட்டலத்தின் மேல் ஊரும் அடியும் எழுதியிருக்கிறேன், நூற்று நாற்பது அடி. தேய்ந்த துளை பிட்டுகளைச் சாமான் லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வரும் கந்தன் மாமா கொண்டுவந்து கொடுப்பார். அவர் திரும்பி வரும்போது ஒரு வரியாவது எழுதிக் கொடுத்தனுப்பு. குளித்து முடித்த பிறகு எழுதினால் போதும்.

அன்புடன்
அப்பா

*

திருச்செங்கோடு
9.3.2025

அனுப்புநர்:
கு. தேவிப்ரியா,
எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு.

பெறுநர்:
திரு. குருமூர்த்தி அவர்கள்,
ரிக் டிரில்லர்,
ராய்ப்பூர் பக்கம்.

பொருள்: ஓவியம் வரைவதை நிறுத்திக்கொண்டது தொடர்பாக.

ஐயா,

தாங்கள் அனுப்பிய ஊதாப் பொடி கிடைத்தது. இனி எனக்கு அது தேவைப்படாது என்பதால் இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். பொட்டலம் பிரிக்கப்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேடைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோது நானும் அம்மாவும் கரும்பு வாங்கச் சந்தைக்குப் போனோம். என் படம் மேசைமேல் காய்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது நீங்களே அதை நியூஸ் பேப்பரில் சுற்றி, நூல் கட்டி வைத்திருந்தீர்கள். நான் அப்படியே கொண்டுபோய்ப் பள்ளியில் கொடுத்துவிட்டேன். ஆண்டு விழா அன்று சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. லாரி மேல் இருக்கும் நெட்டை இரும்புக் கோபுரத்தை, அந்த மாஸ்டை, நான் சாய்வாக வரைந்திருந்தேன். நீங்கள் அதை அழித்துவிட்டு நேராக நிமிர்த்தி வைத்திருந்தீர்கள்.

பரிசு கொடுக்க வந்தவர் மைக்கில் என்ன சொன்னார் தெரியுமா? "மலை எல்லாரும் வரையுறதுதான். ஆனா அந்த மாஸ்ட் இருக்குது பாருங்க, அச்சு அசல். அது ஒண்ணுக்கே மொதப் பரிசு குடுக்கலாம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிட்டார்கள். நான் எப்படிப் போவது?

ஆகவே இனிமேல் நான் வரைவதாக இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கு. தேவிப்ரியா

பி.கு.: அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். "உங்கப்பன்கிட்ட பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிக்குதுடி" என்று தினமும் திட்டுகிறார்கள்.

*

ராய்ப்பூர் பக்கம்
2.4.2025

தேவுவுக்கு,

'ஐயா' என்று நீ எழுதியதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் சமையல்காரர் கைலாசம் எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளை மனு போட்டிருக்குதுங்களே, சீக்கிரம் பரிசீலனை பண்ணுங்க" என்றார். அவரோடு சேர்ந்து சிரித்தேன். பிறகு ராடுகள் அடுக்கியிருக்கும் இடத்துக்குத் தனியாகப் போய் இன்னொரு முறை படித்தேன்.

நான் செய்ததை மறைக்கவில்லை. அன்று மேசைமேல் படத்தைப் பார்த்தேன். மலை அழகு. லாரி அழகு. மாஸ்ட் மட்டும் பாதியில் சாய்ந்து நின்றது. நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், ரோட்டில் போகும்போது மாஸ்ட் லாரியின் முதுகில் படுத்திருக்கும், துளை போடும்போது நட்டமாக நிற்கும். பாதியில் சாய்ந்து நின்றால், அதைத் தூக்கிப் பிடிக்கும் ஜாக்கி விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒரு மாஸ்ட் விழுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கீழே நின்ற ஒருவருக்குக் கால் போனது. உன் படத்தில் அதைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. பள்ளியில் யாராவது "ரிக்காரர் மகளுக்கு மாஸ்ட் வரையத் தெரியவில்லை" என்று கேலி செய்வார்களே என்றும் நினைத்தேன்.

ஒரே ஒரு கோடுதானே தேவு? நாலு வருஷமாக மூக்கில் துணி கட்டிக்கொண்டு பொடி சலிக்கிறவனுக்கு ஒரு கோடு போட உரிமை கிடையாதா?

இப்படி எழுதியிருக்கக் கூடாது. ஆனாலும் அந்த வரியை அடிக்கவில்லை, இருக்கட்டும். மனதில் இருப்பது உனக்குத் தெரிய வேண்டும். நான் வருஷத்தில் பத்து மாதம் வெளியூரில் கிடக்கிறவன். உன் சிநேகிதிகள் பெயர் எனக்குத் தெரியாது. உனக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்றுகூட அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். உன்னோடு பேச எனக்கு இருந்தது இந்த நிறம் ஒன்றுதான். அதையும் நீ வேண்டாம் என்று விட்டுவிட்டால், நான் ஊருக்கு வந்து உன் எதிரே உட்கார்ந்து என்ன பேசுவேன்? அதுதான் எனக்குப் பயம்.

ஊதாப் பொட்டலத்தை மறுபடி அனுப்புகிறேன். வேண்டாமென்றால் செடிக்குப் போடு.

அப்பா

*

திருச்செங்கோடு
27.4.2025

அப்பாவுக்கு,

பரீட்சை முடிந்துவிட்டது. அதனால் அனுப்புநர், பெறுநர் எல்லாம் போடவில்லை.

ஒரே ஒரு கோடு இல்லை அப்பா. நீங்கள் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவே இல்லை.

எனக்கும் தெரியும், துளை போடும்போது மாஸ்ட் நேராக நிற்கும். ஆனால் உங்கள் ரிக் துளை போட்டு நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பேன்? அது எப்போதும் எங்கேயோ இருக்கிறது. நான் அதைப் பார்ப்பது வருஷத்துக்கு ஒரு முறைதான். அங்கே மழை ஆரம்பித்து வேலை நின்றதும் வண்டி சர்வீசுக்கு நம்மூர்ப் பட்டறைக்கு வரும். கிரீஸ் வைக்க மாஸ்டைப் பாதி தூக்கி, கீழே முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். எங்கள் பள்ளி பஸ் அந்த வழியாகத்தான் போகும். நான் இடது பக்க ஜன்னலில்தான் உட்காருவேன். அந்த இடத்துக்காக ஒருத்தியோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

காலையில் போகும்போது மாஸ்ட் சாய்ந்து நின்றால், சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது நீங்கள் இருப்பீர்கள். அடுத்த நாளும் சாய்ந்து நின்றால் அடுத்த நாளும் இருப்பீர்கள். ஒருநாள் அது லாரி முதுகில் படுத்திருக்கும். அன்று சாயங்காலம் நீங்கள் பை கட்டிக்கொண்டிருப்பீர்கள். அம்மா உங்களுக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து இதுதான் என் கணக்கு. ஒரு தடவையும் தப்பியதில்லை.

மாஸ்ட் நேராக நிற்கிறது என்றால் நீங்கள் ராய்ப்பூரில் இருக்கிறீர்கள். சாய்ந்து நிற்கிறது என்றால் வீட்டில் இருக்கிறீர்கள். நம் மலைக்குக் கீழே உங்களை நிறுத்தி வைக்கத்தான் அப்படி வரைந்தேன். நீங்கள் அதை நிமிர்த்தி உங்களை வேலைக்கு அனுப்பிவிட்டீர்கள்.

பொடியைச் செடிக்குப் போடவில்லை. திருப்பி அனுப்பவும் இல்லை. என் பெட்டியில் இருக்கிறது. ஆனால் இன்னும் பிரிக்கவில்லை.

தேவிப்ரியா

*

ராய்ப்பூர் பக்கம்
20.5.2025

என் சாமிக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று மூன்று மணி இருக்கும். ஒரு துளை முடிந்து, அடுத்த இடத்துக்கு வண்டியை நகர்த்த மாஸ்டை இறக்க வேண்டியிருந்தது. நான்தான் லீவரைப் பிடித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, கீழே இறங்கி, கொஞ்சம் தள்ளிப்போய் நின்று பார்த்தேன். கைலாசம் கையில் வெங்காயத்தோடு ஓடி வந்தார்.

"ஏனுங்க, ஜாக்கி போயிருச்சுங்களா?"

"இல்லீங்க. சும்மா பாத்துட்டிருக்கறேன்."

"பாக்கறதுக்கா நிறுத்துனீங்க? வெயில் தலைக்கேறிப் போச்சுங்களா?"

இருபத்திரண்டு வருஷமாக அந்த மாஸ்டோடு கிடக்கிறேன். விழுந்துவிடுமோ, நட்டமாக நிற்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நீ பார்த்ததை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. பஸ் ஜன்னலில் ஒரு பிள்ளை அதைத் தேடிக்கொண்டு போகும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

தேவு, அப்பா செய்தது தப்பு. கோடு தப்பா சரியா என்பதை விடு. உன் படத்தை உன்னைக் கேட்காமல் தொட்டேன், அதுதான் தப்பு. உரிமை கிரிமை என்று போன கடிதத்தில் எழுதியதும் தப்பு. மன்னித்துக்கொள் கண்ணு. இதைப் போனில் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

இதோடு ஒரு அட்டை வைத்திருக்கிறேன். பிட் வந்த பெட்டியின் அட்டை. அதில் அடுப்புக்கரியால் நம் வீட்டை வரைந்திருக்கிறேன். படம் என்று ஒன்றை நான் வரைந்து எத்தனையோ வருஷமாகிறது. இதில் நீ என்ன வேண்டுமானாலும் செய். அழி, மாற்று, மேலே கிறுக்கு. நானும் பட்டுப் பார்க்கிறேன். அப்போதுதான் கணக்கு நேராகும்.

உன்
அப்பா

*

திருச்செங்கோடு
12.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அட்டை வந்து சேர்ந்தது. நான் அதைத் தொடவில்லை. இன்னொருவர் வரைந்ததைத் தொடக் கூடாது என்பது நம் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

ஆனால் தப்பை மட்டும் சொல்கிறேன், நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் கொய்யா மரம் வரைந்திருக்கிறீர்கள். அது பிப்ரவரி காற்றில் சாய்ந்து, வெட்டியாகிவிட்டது. என்னை ஜன்னல் கம்பி உயரத்துக்கு வரைந்திருக்கிறீர்கள். நான் இப்போது கதவின் மேல் தாழ்ப்பாளை எக்காமல் போடுகிறேன். இரண்டு சடை போடுவதை விட்டும் ஒரு வருஷம் ஆகிறது. பொங்கலுக்கு வந்தீர்களே, பார்க்கவில்லையா? அம்மா மார்ச்சிலிருந்து கண்ணாடி போட்டிருக்கிறார்கள். உங்களிடம் சொல்லவில்லையாம், "சொன்னா கெழவின்னு சிரிப்பாரு" என்று காரணம். ஆனால் உங்கள் படத்தை அந்தக் கண்ணாடி வழியாகத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்கூட்டுக்காரருக்கு நான் இன்னும் கண்ணாலத்தப்ப இருந்த மாதிரியே இருக்கறேன்னு நெனப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. கண்ணாடி பழக்கமில்லாததால் என்றார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அம்மா இருக்கிறார்கள், நான் இருக்கிறேன், பக்கத்து வீட்டு நாய்கூட இருக்கிறது. நீங்கள் எங்கே?

நான் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளி திறந்த அன்றே ஓவிய டீச்சரிடம் போய், மாஸ்ட் நான் வரைந்தது இல்லை, அப்பா வரைந்தது என்று சொல்லிவிட்டேன். விழா முடிந்து வகுப்பில் கொடுத்த சான்றிதழையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தார். "உன்னுதுன்னு ஆனதுக்கப்பறம் கொண்டா" என்றார். படம் இப்போது வீட்டில் இருக்கிறது.

நீங்கள் மாஸ்டைப் பிசினில் குழைத்த கறுப்பால் போட்டிருந்தீர்கள். பிசின் நிறம் ஈரத் துணிக்கு வந்துவிடும். மெதுவாகத் துடைத்தேன். உங்கள் மாஸ்ட் போய்விட்டது. அந்த இடத்தில் லேசாக ஒரு கறை மட்டும் இருக்கிறது. துடைக்கும்போது கொஞ்சம் பாவமாக இருந்தது, கோடு நிஜமாகவே நன்றாக இருந்தது.

ஊதாவைப் பிரித்துவிட்டேன். பிசினில் குழைத்தால் காய்ந்ததும் வெடிக்கிறது. முட்டை மஞ்சள் கருவில் குழைத்தேன், வெடிக்கவே இல்லை, பளபளவென்று நிற்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வீடு நாறுகிறது என்று அம்மா சத்தம் போடுகிறார்கள். மலைக்கு மேலே மழை வரப்போகிற வானத்துக்கு அந்த ஊதா சரியாக இருக்கிறது.

அங்கே மழை எப்போது ஆரம்பிக்கும்?

அன்புடன்
தேவு

*

ராய்ப்பூர் பக்கம்
4.7.2025

தேவு,

மழை பிடித்துக்கொண்டது. காட்டுக்குள் வண்டி இறங்கினால் டயர் புதைகிறது. ஓனர் வண்டியை ஊருக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். கந்தன் மாமா எனக்கு முன்னால் வந்து இதைக் கொடுப்பார். அம்மாவிடம் நாள் எதுவும் சொல்லாதே, வழியில் எங்கே நிற்போம் என்று தெரியாது.

சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தாயா? என் மகள் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்தத் தைரியம் என்னிடமிருந்து வந்ததில்லை, அது உன் அம்மாவுடையது. முட்டை விஷயத்தைக் கைலாசத்திடம் சொன்னேன். "ஆம்லெட் போட வேண்டியதை மலைக்குப் போட்டிருச்சுங்களே புள்ளை" என்று வருத்தப்பட்டார்.

'நீங்கள் எங்கே?' என்று கேட்டாய். மூன்று நாள் யோசித்தேன். வீட்டை நினைத்துப் பார்த்தால் கேட்டுக்கு வெளியே நின்று பார்ப்பது போலத்தான் எனக்குத் தெரிகிறது. அதனால் என்னை எங்கே வரைவது என்று தெரியவில்லை சாமி. கதவுக்குப் பக்கத்திலா, கட்டிலிலா, அடுப்படியிலா? நீ ஒரு இடம் சொல். அங்கே வரைகிறேன்.

அப்பா

*

திருச்செங்கோடு
19.7.2025

அப்பா,

இதைப் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். வண்டி வந்ததும் உங்கள் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் இருக்க வேண்டிய இடம் மேசைக்கு அந்தப் பக்கம், எனக்கு எதிரே. என்ன பேசுவது என்று பயப்பட்டு எழுதியிருந்தீர்களே. ஒன்றும் பேச வேண்டாம். பொடியைச் சலித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருங்கள்.

படத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மாஸ்டின் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. நானே போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை பென்சிலை எடுத்தேன். எவ்வளவு சாய்வு என்று நிச்சயமாகத் தெரியவில்லை. பஸ் எப்போதும் வேகமாகப் போய்விடும். நின்று பார்த்ததே இல்லை.

தேவு

*

பட்டறை, திருச்செங்கோடு
24.7.2025, காலை

என் தேவுவுக்கு,

விடியும்போது வந்து சேர்ந்தோம். வீட்டுக்குப் போகாமல் இதை எழுதுகிறேன். அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன், கந்தன் மாமா உன் பஸ் வருவதற்குள் ஸ்டாப்பில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். நேரில் வரலாம்தான். ஆனால் நீ முதலில் இடது பக்க ஜன்னலில் பார்க்க வேண்டும்.

வந்ததும் முதல் வேலையாக மாஸ்டைப் பாதி தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டோம். மற்ற வருஷம் போல வேலை இல்லை, கிரீஸ் வைக்க அரைநாள் போதும், மத்தியானமே இறக்கிவிடலாம் என்றார் மேஸ்திரி. "சாய்ஞ்சே இருக்கட்டுமுங்க, அளவு பாக்க ஒரு ஆளு வருது" என்றேன். "ஆருங்க, இன்ஜினியருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இதோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. மேலே எழுதியிருப்பதைப் பார். 'திருச்செங்கோடு, பட்டறை வாசல், மேல் மண்.' அடி போடவில்லை. துளை போடாமல், குனிந்து கையால் அள்ளியது.

சாயங்காலம் வீடு வரை போகாதே, பட்டறை ஸ்டாப்பிலேயே இறங்கிவிடு. நான் வாசலில் நிற்பேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்த்துக்கொள், இந்த பஸ் போகாது. பென்சிலை நீ கொண்டு வா. நான் தொட மாட்டேன்.

அப்பா